குளிசையும் அதன் காரணமும்: எச்.ஐ.வி. சிகிச்சை வரலாற்றில் தாதியர்

மருத்துவ வரலாற்றை எழுதுபவர்கள் மருந்தைக் கண்டுபிடித்தவரின் பெயரையும் அது வெளிவந்த ஆண்டையும் பதிவு செய்வதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். அந்த மருந்து ஒரு சாதாரண மனிதரின் உள்ளங்கைக்கு வந்துசேர்ந்தபோது, அதை எதற்காக விழுங்க வேண்டும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர் யார், எப்படிச் சொன்னார் என்ற செய்தி எங்கும் பதிவாவதில்லை. பல நோய்களில் இதனால் பெரிய நட்டமில்லை. காய்ச்சல்காரர் காரணம் அறியாமல் குளிசையை விழுங்கினாலும் காய்ச்சல் தணியும். எச்.ஐ.வி. அப்படிப்பட்டதல்ல. காரணம் அறியாதவர் சில மாதங்களில் மருந்தை நிறுத்திவிடக்கூடும். நிறுத்தியவரை மருந்து காப்பாற்றாது. ஆகவே இச்சிகிச்சையின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி தாதியின் மேசைக்கு முன்னால் போடப்பட்டிருந்த கதிரையில் நடந்தது என்பேன்.

மருந்து பற்றி நம்மவர் மனதில் தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன எண்ணங்கள் மூன்று. வருத்தம் வந்தால் மருந்து எடுக்க வேண்டும். எடுத்தால் குணமாக வேண்டும். குணமானால் நிறுத்திவிட வேண்டும். எச்.ஐ.வி. மருந்து இம்மூன்றையும் மறுக்கிறது. உடம்பில் ஒரு குறையும் தெரியாத காலத்திலேயே அதைத் தொடங்க வேண்டும். அது நோயை அடியோடு நீக்காது. எவ்வளவு சுகமாக இருந்தாலும் நிறுத்தக்கூடாது.

மன்னார் மாவட்டத்தின் பெருநிலப்பரப்பில், மாந்தை மேற்குப் பிரதேசத்தில் உள்ள பெரியமடுவை எடுத்துக்கொள்வோம். அங்கு ஒருவருக்கு இம்மருந்து தேவைப்படுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அவர் மன்னார் நகருக்குப் பஸ் ஏறிச் செல்ல வேண்டும். எங்கே, எதற்காகப் போகிறார் என்று ஊர் கேட்கும். குளிசைப் போத்தலை வீட்டில் எங்கே வைப்பது என்பதும் ஒரு பிரச்சினை. உடம்பில் நோவில்லை, காய்ச்சலில்லை. இருந்தும் ஒவ்வொரு நாளும், ஆயுள் முழுவதும் அவர் அந்தக் குளிசையை விழுங்க வேண்டும். எந்த நம்பிக்கையில் விழுங்குவார்? இந்தக் கேள்விக்கான விடையைத் தேடினால், மன்னாரிலிருந்து கடலைக் கடந்து தமிழ்நாட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கும் எச்.ஐ.வி.க்கு முப்பது ஆண்டுகள் முந்திய இன்னொரு நோயிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சேத்துப்பட்டில் கற்ற பாடம்

1956ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் அதில் கைகோத்திருந்தன. அக்காலத்தில் காசநோயாளியை நல்ல காற்றும் ஊட்டமான உணவும் ஓய்வும் கிடைக்கும் சானடோரியம் ஒன்றில் மாதக்கணக்கில் வைத்திருப்பதே முறையான சிகிச்சை எனக் கருதப்பட்டது. நோயாளிகளோ லட்சக்கணக்கில் இருந்தார்கள். கட்டில்கள் மிகச் சொற்பம். 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றப் பிரிவினருக்கு அவர்களின் வீட்டிலும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் வெளியான முடிவு உலகத்தை வியக்க வைத்தது. நெருக்கமான வீடுகளில் போதிய உணவின்றி வாழ்ந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய நிகராகவே தேறியிருந்தார்கள்.

மருந்து வேலை செய்யும் என்பது நிரூபணமாயிற்று. ஆனால் அதே ஆய்வு இன்னொரு உண்மையையும் வெளிப்படுத்தியது. சில வாரங்களில் இருமல் அடங்கி உடம்பு தேறியதும் மனிதர்கள் மருந்தைக் கைவிடத் தொடங்கினார்கள். எனவே சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மிகுதிக் குளிசைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று பார்த்தார்கள். ஆய்வை வழிநடத்திய பிரித்தானிய மருத்துவர் வாலஸ் பொக்ஸ், நோயாளி தானாகவே மருந்தை எடுத்துக்கொள்வார் என்று நம்பியிருப்பதன் ஆபத்தைத் தொடர்ந்து எழுதிவந்தார். கண்ணெதிரே மருந்தை விழுங்க வைக்கும் முறையின் வேர்களில் ஒன்று சென்னையில் இருக்கிறது. பின்னாளில் 'டொட்ஸ்' என்ற பெயரில் உலகெங்கும் பரவியது அந்த முறைதான்.

காசநோய்க்குக் கண்காணிப்பு பொருந்தியது. ஏனெனில் அச்சிகிச்சைக்கு ஒரு முடிவு உண்டு. ஆறு மாதமோ ஓராண்டோ ஒருவரைக் கண்காணிக்கலாம். நாற்பது ஆண்டுகள் கண்காணிக்க எந்த அரசாலும் இயலாது. எச்.ஐ.வி. வந்தபோது சேத்துப்பட்டின் பிரச்சினை அப்படியே திரும்பி வந்தது. சேத்துப்பட்டு கண்ட தீர்வோ இதற்குப் போதவில்லை. கண்காணிப்பு இருந்த இடத்தில் நோயாளியின் சொந்த விளக்கத்தை வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கொடுப்பதற்கு மருந்தில்லாத காலம்

1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சொலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதலாவது எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். நிர்மலா சேகரித்த குருதி மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அடுத்த ஆண்டு, 1987இல், இலங்கையர் ஒருவருக்குத் தொற்று இருப்பது முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அமெரிக்காவில் ஏ.இசட்.டி. என்ற முதலாவது மருந்துக்கு அனுமதி கிடைத்ததும் அதே 1987இல்தான். அதை நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நித்திரையிலிருந்து எழும்பியும் எடுக்க வேண்டியிருந்தது. அதன் பலனும் நீடிக்கவில்லை.

தாம்பரம் சானடோரியம் இக்கதைக்குள் வருவது இந்தக் கட்டத்தில்தான். 1928இல் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து தொடங்கிய இந்தக் காசநோய் மருத்துவமனை 1937இல் அரசின் கைக்கு மாறியது. நீண்ட காலம் தங்கியிருந்து சிகிச்சை பெறும் தேவையைச் சேத்துப்பட்டு ஆய்வு குறைத்திருந்த நிலையில், 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகள் அதன் வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். எச்.ஐ.வி. தொற்றியவரை முதலில் வீழ்த்துவது பெரும்பாலும் காசநோய் என்பதால் அவர்கள் அங்கு வந்ததில் வியப்பில்லை. மற்ற ஆஸ்பத்திரிகள் அவர்களைத் தொடத் தயங்கிய காலம் அது. மருத்துவர் சி. ந. தெய்வநாயகம் பொறுப்பில் இருந்த காலத்தில், வேறு மருந்து கைக்கெட்டாத நிலையில், அங்கு சித்த மருந்துகளும் கொடுக்கப்பட்டன. நாளடைவில் தாம்பரம் இந்தியாவின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை நிலையங்களுள் ஒன்றாகியது.

அக்காலத் தாதியால் நோயாளிக்குச் சொல்லக்கூடியது கொஞ்சமே. நல்ல உணவு, சுத்தம், காசநோய் மருந்தை விடாமல் எடுப்பது, பிறருக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்வது. ஊரெங்கும் ஒட்டப்பட்ட எயிட்ஸ் சுவரொட்டிகள் மரணத்தைக் காட்டிப் பயமுறுத்தின. 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்ட 'புள்ளிராஜா' விளம்பரம்கூட, யாருக்கு இந்நோய் வரும் என்ற கேள்வியைத்தான் எழுப்பியது. வந்தவர் எப்படி வாழலாம் என்பது சுவரொட்டிகளின் விடயமாக இருக்கவில்லை. மறுபக்கத்தில், எயிட்ஸை முற்றாகக் குணமாக்குவோம் என்ற விளம்பரங்களுக்கும் குறைவிருக்கவில்லை. "இது மாறாது, ஆனாலும் வாழலாம்" என்ற நடுவழி வாக்கியத்தைத் தாதி பின்னாளில் சொல்ல வந்தபோது, அதற்கு இருபுறமும் இந்த இரு பொய்களும் நின்றிருந்தன.

விலையும் கடிகாரமும்

1996இல் வன்கூவரில் நடந்த சர்வதேச எயிட்ஸ் மாநாட்டுடன் நிலைமை மாறியது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸைப் பல ஆண்டுகள் அடக்கி வைக்கலாம் என்பது தெளிவாயிற்று. ஒரு மருந்திலிருந்து தப்பும்படி வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டாலும் மற்ற இரண்டும் அதைப் பிடித்துக்கொள்ளும் என்பதே இதன் அடிப்படை. ஆனால் ஒருவருக்கு ஓராண்டுச் செலவு 10,000 அமெரிக்க டொலரைத் தாண்டியது. 2001 பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் இம்மூன்று மருந்துகளையும் ஆண்டுக்கு 350 டொலருக்குத் தர முன்வந்தது. விலை என்ற சுவரில் அன்று விழுந்த விரிசல் பிறகு மூடவே இல்லை.

உடனே இன்னொரு தடை முன்வைக்கப்பட்டது. ஆபிரிக்கர்களில் பலருக்கு மணிக்கூட்டு நேரம் தெரியாது, ஆகவே குறித்த வேளைகளில் அவர்களால் மருந்து எடுக்க முடியாது என்ற கருத்தை 2001இல் அமெரிக்க வெளிநாட்டு உதவி முகவரகத்தின் தலைவர் அன்ட்ரூ நட்சியோஸ் பகிரங்கமாகவே வெளியிட்டார். ஏழைகளுக்கு மருந்து கொடுத்தால் அதை ஒழுங்கின்றி எடுத்து, மருந்துக்கு அடங்காத வைரஸை உலகெங்கும் பரப்பிவிடுவார்கள் என்பதே இவ்வாறு பேசியவர்களின் அச்சம். இதற்குக் கணக்கு விடை சொல்லியது. 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தைப் போதிய அளவு ஒழுங்காக எடுத்தவர்கள் ஆபிரிக்காவில் 77 வீதம், வட அமெரிக்காவில் 55 வீதம் என்று தெரியவந்தது. கடிகாரம் இல்லாத வீட்டிலும் கோவில் மணி ஒலிக்கிறது, பாங்கு கேட்கிறது, பாடசாலை பஸ் வருகிறது. நேரம் காட்ட இவை போதும். எதற்காக அந்த நேரம் என்பதை மட்டும் ஒரு மனிதர் இருந்து சொல்லித்தர வேண்டும்.

தாம்பரத்தில் நடந்த வகுப்பு

2004 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய அரசு இலவச எச்.ஐ.வி. மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. தாம்பரம் அதன் முதல் நிலையங்களுள் ஒன்று. இத்தகைய நிலையம் ஒவ்வொன்றிலும் மருத்துவர், தாதி, ஆலோசகர், மருந்தாளர், ஆய்வுகூடப் பணியாளர் ஆகியோர் அடங்கிய குழு நியமிக்கப்பட்டது. தொற்றுடன் வாழ்பவர்களே ஆலோசகர்களாகவும் ஒருங்கிணைப்பாளர்களாகவும் வந்து சேர்ந்தது அடுத்த முக்கியமான நிகழ்வு. 1998இல் பி. கௌசல்யா சென்னையில் தொடங்கிய தொற்றுடன் வாழும் பெண்களின் அமைப்பைப் போன்றவை இதற்கு வழி திறந்திருந்தன. மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். மீதி நேரம் இவர்களுடையது.

அவர்கள் சொல்லித்தர வேண்டியிருந்தவை சில்லறை விடயங்கள் அல்ல. அன்றைய முதல்வரிசை மருந்தான ஸ்டவுடின், லமிவுடின், நெவிரபின் கூட்டை எடுத்துக்கொள்வோம். முதல் 14 நாட்களுக்கு நெவிரபினை ஒரு வேளை மட்டுமே எடுக்க வேண்டும். அதன் பின்னரே இரு வேளை. உடம்பு அதற்குப் பழகுமுன் முழு அளவைக் கொடுத்தால் தோலில் கடும் தடிப்பு வரலாம், ஈரலும் பாதிக்கப்படலாம். இதனால் முதல் இரு வாரங்களுக்குக் காலைக் குளிசை வேறு, மாலைக் குளிசை வேறு. எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு இதை எப்படி விளக்குவது? ஸ்டவுடினால் சில மாதங்களின் பின் பாதம் எரியும், மரத்துப்போகும். நாளடைவில் கன்னம் ஒட்டும். முன்கூட்டியே சொல்லப்படாதவர், மருந்தே தன்னைக் கொல்கிறது என்று முடிவுகட்டி நிறுத்திவிடுவார்.

அதைவிடக் கடினமானது மாதக் கணக்கு. ஒரு மாதத்துக்கு 60 குளிசை. அவற்றில் 95 வீதம் உள்ளே போக வேண்டும் என்பது அன்றைய விதி. அதாவது மாதத்தில் மூன்று வேளைக்கு மேல் தவறக்கூடாது. பரீட்சையில் 80 புள்ளி வாங்கினால் நல்ல மாணவன் என்று பழகிய சமூகத்துக்கு, 80 வீதம் இங்கே தோல்வி என்பதை விளங்கவைப்பது இலேசானதல்ல. காரணத்தைச் சொன்னால்தான் கணக்கு விளங்கும். வன்னியில் குளக்கட்டைப் பார்த்தவர்களுக்கு அதை இப்படிச் சொல்லலாம். கட்டு நிற்கும்வரை வயலுக்கு ஆபத்தில்லை. ஆனால் குளத்துத் தண்ணீர் வற்றிவிடவில்லை; கட்டுக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. ஓரிடத்தில் அரிப்பு விழுந்தால் தண்ணீர் அந்த வழியைப் பெரிதாக்கிக்கொள்ளும். பிறகு அதே மண்ணை அதே இடத்தில் போட்டு அடைப்பது கடினம். வைரஸும் இப்படித்தான். மருந்தின் அளவு இரத்தத்தில் குறையும் நாட்களில், அம்மருந்துக்கு அடங்காத வடிவங்கள் பெருகிவிடும். அதன்பின் அம்மருந்து அவருக்குப் பயன்படாது. இரண்டாம் வரிசை மருந்தோ அன்று மிகச் சிலருக்கே கிடைத்தது.

நோக்கமே மாறிய கதை

இந்த வரலாற்றின் தனித்தன்மை ஒன்று உண்டு. மருந்தின் நோக்கம் பற்றித் தாதி சொல்லிவந்த பாடம், அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே பலமுறை மாறியது.

தொடக்க காலப் பாடம், "உங்கள் சீ.டி.4 கலங்கள் 200இற்குக் கீழே போனால் மருந்து தொடங்குவோம்" என்பது. நோய் எதிர்ப்புக் கலங்கள் போதிய அளவு இருப்பவர் மருந்தின்றிக் காத்திருக்கலாம், இடையிடையே நிறுத்தி உடம்புக்கு ஓய்வு கொடுக்கலாம் என்றும் சிலர் கருதினார்கள். 5,472 பேர் பங்குகொண்ட 'ஸ்மார்ட்' ஆய்வு 2006இல் அந்த எண்ணத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மருந்தை நிறுத்தி நிறுத்தி எடுத்தவர்களிடையே நோயும் மரணமும் கூடுதலாக இருந்தன. 2015இல் வெளியான 'ஸ்டார்ட்' ஆய்வு, சீ.டி.4 அளவு உயர்வாக இருக்கும்போதே தொடங்கியவர்களுக்கு ஆபத்துகள் பாதிக்கு மேல் குறைந்ததைக் காட்டியது. அவ்வாண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம், தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே மருந்து என்று பரிந்துரைத்தது. இந்தியா 2017இல் அதை ஏற்றது.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் 2011இல் வந்தது. ஒருவருக்குத் தொற்று இருக்க, துணைக்குத் தொற்று இல்லாத 1,763 இணையர்களிடம் ஒன்பது நாடுகளில் ஆய்வொன்று நடந்தது. சென்னையில் சுனிதி சொலமன் 1993இல் நிறுவிய வை.ஆர்.ஜி. கேர் நிலையமும் அதில் பங்குகொண்டது. மருந்தை முன்னதாகவே தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 வீதம் குறைந்திருந்தது. 2016இலும் 2019இலும் வெளியான ஐரோப்பிய ஆய்வுகள் மேலும் ஒரு படி சென்றன. வைரஸ் அளவு பரிசோதனையில் தென்படாத நிலைக்கு அடங்கியிருக்கும் ஒருவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று ஏற்பட்ட ஒரு நிகழ்வைக்கூட அவற்றால் காண முடியவில்லை.

இதன் பொருளை நினைத்துப் பார்க்க வேண்டும். முன்பு குளிசை நோயாளியின் உயிருக்கானது. இப்போது அது அவரது மனைவிக்கும் கணவனுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் காவல். தன்னை ஆபத்தானவராக எண்ணி ஒதுங்கியவருக்கு, தன் குடும்பத்தைக் காப்பவர் என்ற நிலையை இச்செய்தி தருகிறது. நோயாளிக்கு மருந்தை விடாமல் எடுப்பதற்கு இதைவிட வலுவான காரணம் கிடைத்ததில்லை. ஆனால் இதைச் சொல்ல அஞ்சும் சுகாதார ஊழியர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். சொன்னால் பொறுப்பின்றி நடப்பார்கள் என்பது அவர்களின் கவலை. மணிக்கூடு தெரியாதவர்கள் என்ற பழைய அவநம்பிக்கைதான் இங்கு வேறு உடுப்பில் வந்து நிற்கிறது.

நமது கரையில்

இலங்கையில் இலவச மருந்து 2004இன் இறுதியில் வழங்கப்படத் தொடங்கியது. அதற்கு முன்னோடியாகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் குழந்தை நல வைத்தியர் கமலிகா அபேரத்ன. 1995இல் வீதி விபத்தொன்றில் சிக்கியபோது ஏற்றப்பட்ட குருதியால் தொற்றுக்குள்ளான அவர், தமது நிலையைப் பகிரங்கமாக அறிவித்து, சிகிச்சை எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று வாதாடினார். அந்த 2004இலேயே அவர் மறைந்தார்.

தொடக்கத்தில் சிகிச்சை கொழும்பை மையமாகக் கொண்டிருந்தது. வடக்கில் அடுத்து வந்தவை போர் ஆண்டுகள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. 2008 வரை மாந்தையின் பெரும்பகுதி போர்முனைக்கு அப்பால் இருந்தது. நாள் தவறாமல் எடுக்க வேண்டிய மருந்து, பாதை திறந்திருப்பதையும் நம்பியிருக்கிறது. போர் முடிந்தபின் சேவை மாவட்டங்களுக்கு விரிந்தது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றுப்படுத்தியது. கிராமம் கிராமமாகச் சென்ற குடும்ப நல மருத்துவ மாதரும் கிளினிக் தாதியரும் கர்ப்பிணிகளிடம் குருதிப் பரிசோதனையின் அவசியத்தை எடுத்துச் சொல்லியிராவிட்டால் அந்தச் சான்றிதழ் கிடைத்திராது.

ஆயினும் நம் நாட்டுக்கென ஒரு தனிச் சிக்கல் உண்டு. வயதுவந்தோரில் தொற்று 0.1 வீதத்துக்கும் குறைவு. இது நற்செய்தி. அதேவேளை, தாம்பரத்தில் வரிசையில் நின்றவருக்கு முன்னும் பின்னும் அதே மருந்தை எடுத்துத் தேறியவர்கள் நின்றார்கள். அந்தக் கூட்டமே பாதிப் பாடத்தைச் சொல்லித்தந்தது. பெரியமடுவிலிருந்து வரும் ஒருவர், இம்மருந்தோடு பத்து ஆண்டு வாழ்ந்த இன்னொருவரைத் தம் வாழ்நாளில் சந்திக்காமலே போகலாம். ஊர் அறிந்ததெல்லாம் பழைய சுவரொட்டி. அவருக்குச் சாட்சியாக இருப்பது ஒருவரின் சொல் மட்டுமே, நம்மவர் 'மிஸி' என்று அழைக்கும் அந்தத் தாதியின் சொல். அச்சொல் அவருக்கு விளங்கும் தமிழில் இருக்க வேண்டும். அவசரமின்றி, கதவைச் சாத்திச் சொல்லப்பட வேண்டும். சொன்னது அந்த அறைக்கு வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். போனால், அவர் அடுத்த மாதம் வரமாட்டார். மருந்து அலமாரியில் இருக்கும். கட்டில் அரிப்பு விழத் தொடங்கியிருக்கும்.

மருந்து இன்று மிக எளிதாகிவிட்டது. டொலுடெக்ரவிர் அடங்கிய கூட்டு மருந்தை நாளுக்கு ஒரு குளிசை எடுத்தால் போதும். பக்க விளைவுகளும் முன்னையவற்றைவிடக் குறைவு. அதனால் விளக்கத்துக்கு இனி வேலையில்லை என்று நிர்வாகங்கள் எண்ணிவிடக்கூடும். 2025 ஜனவரியில் அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது, ஆபிரிக்க நாடுகளில் வேலை இழந்த ஆயிரக்கணக்கானோரில் ஆலோசகர்களும் சமூக சுகாதாரப் பணியாளர்களும் இருந்தார்கள். பணம் குறையும்போது குளிசைக்கு ஒரு விலை இருப்பதால் அதைக் கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். பேச்சுக்கு விலை எழுதப்படுவதில்லை, ஆகவே அதை முதலில் வெட்டுகிறார்கள்.

1959இல் சேத்துப்பட்டு ஆய்வு சொன்னதை இந்தப் பின்னணியில் மீண்டும் வாசிக்கலாம். கட்டிலும் காற்றும் இன்றி ஏழை வீட்டிலும் மருந்து வேலை செய்யும். விழுங்கப்படாத மருந்து எங்கும் வேலை செய்யாது. மன்னாரிலோ வேறெங்கோ ஒரு கிளினிக்குக்கு ஆளணி ஒதுக்கும் அதிகாரி, எத்தனை போத்தல் குளிசை தேவை என்று கணக்கிடும் அதே தாளில், அதற்குக் காரணம் சொல்ல எத்தனை மணித்தியாலம் தேவை என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.